இருட்டில் பார்க்கும் கண்ணாடி
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் போனில் பேசும்போது, "சார், உங்க தொழிலைப் பத்தியே பேசுங்க, ஆனா எல்லாருக்கும் புரியணும்" என்றார். என் தொழிலில் இந்த இரண்டும் ஒன்றாக வருவது கொஞ்சம் சிரமம். இருந்தாலும் முயற்சி செய்கிறேன். புரியாத இடத்தில் மாணவர்கள் கை தூக்கலாம். என் வகுப்புத் தோழர்கள் தூங்கலாம், அவர்களுக்கு அது பழக்கம்தான்.

நான் காணையைச் சேர்ந்தவன். 1978இல் இங்கே பி.எஸ்சி. இயற்பியலில் சேர்ந்தேன். அப்போது இது தென்னாற்காடு மாவட்டம். விழுப்புரம் தனி மாவட்டம் ஆனது 1993இல். காணையிலிருந்து தினம் சைக்கிள். கரும்பு வெட்டும் காலத்தில் முண்டியம்பாக்கம் ஆலைக்குப் போகும் வண்டிகள் ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கும், முதல் பீரியட் போய்விடும். பிறகு வடக்கே போய், முப்பது வருஷத்துக்கு மேல் ஒளியியல் வடிவமைப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். அதிலும் ஒரு சின்ன மூலை என்னுடையது. குளிரூட்டப்பட்ட அகச்சிவப்புக் கேமராக்களுக்கு லென்ஸ் தொகுதியைக் கணக்குப் போட்டு வடிவமைப்பது, அதையும் முடிந்தவரை சிறியதாக, எடை குறைவாகச் செய்வது. எங்கள் ஆயாவிடம் கேட்டால் "பேரன் கண்ணாடிக் கடையில வேலை செய்யறான்" என்று சொல்லும். அது ஒரேயடியாகத் தப்பும் இல்லை.

அகச்சிவப்பு என்றால் என்ன என்பது மாணவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காக இரண்டு வார்த்தை. 1800இல் வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியை முப்பட்டகத்தால் பிரித்து ஒவ்வொரு நிறத்திலும் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தார். சிவப்பைத் தாண்டி ஒன்றுமே தெரியாத இடத்தில் வைத்ததில் பாதரசம் ஏறியது. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கதிர்தான் இது. சூரியன் மட்டும் இதை விடுவதில்லை. சூடு உள்ள எல்லாப் பொருளும் விடுகிறது. இந்த மண்டபத்தில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டாலும் நீங்கள் ஒவ்வொருவரும் ஒளிர்ந்துகொண்டுதான் இருப்பீர்கள். நம் உடம்பின் கதிர்வீச்சு சுமார் 9 மைக்ரான் அலைநீளத்தில் உச்சத்தில் இருக்கும். காற்று இந்தக் கதிர்களை எல்லா அலைநீளத்திலும் விடாது. 3 முதல் 5 மைக்ரான் வரை ஒரு சன்னல், 8 முதல் 12 வரை இன்னொரு சன்னல். எங்கள் கேமராக்கள் எல்லாம் இந்த இரண்டு சன்னல் வழியாகத்தான் எட்டிப் பார்க்கும்.

சரி, கேமராவை ஏன் குளிர்விக்க வேண்டும்? இங்கேதான் விஷயம் இருக்கிறது. சாதாரணக் கேமராவில் படப்பெட்டியின் உட்சுவர் கறுப்பாக இருந்தால் போதும். அகச்சிவப்பில் அந்தக் கறுப்புச் சுவரும் ஒளிர்கிறது. லென்ஸைப் பிடித்திருக்கும் அலுமினிய வளையம் ஒளிர்கிறது, திருகாணி ஒளிர்கிறது, டிடெக்டரே தன் சூட்டில் தனக்குள் இரைச்சல் போடுகிறது. என் வயசுக்காரர்களுக்கு டென்ட் கொட்டகை ஞாபகம் இருக்கும். பகல் பன்னிரண்டு மணிக்குத் தட்டியைத் தூக்கி வைத்துக்கொண்டு படம் ஓட்டினால் திரையில் என்ன தெரியும்? எம்.ஜி.ஆர். வாளெடுப்பதும் தெரியாது, சிவாஜி அழுவதும் தெரியாது. குளிர்விக்காத டிடெக்டரின் நிலைமை கிட்டத்தட்ட அதுதான். குளிர்விக்காமலே வேலை செய்யும் மலிவான வகையும் இருக்கிறது. 2020இல் கொரோனா சமயத்தில் விமான நிலையங்களில் காய்ச்சல் பார்த்த கேமராக்கள் பெரும்பாலும் அந்த வகை. ஆனால் நெடுந்தூரம் பார்க்க வேண்டும், மிகச் சிறிய வெப்ப வித்தியாசத்தைப் பிரித்தறிய வேண்டும் என்றால் குளிர்விக்காமல் முடியாது.

எவ்வளவு குளிர்? வழக்கமாக 80 கெல்வின் சுற்றுவட்டாரம், அதாவது சுழிக்குக் கீழே 190 டிகிரி செல்சியஸுக்கும் மேலே. டிடெக்டரை ஒரு குட்டி பிளாஸ்க்குக்குள் உட்கார வைத்துவிடுவோம். நம் வீட்டில் காபி ஊற்றி வைக்கிற அதே பிளாஸ்க்தான், 1892இல் ஜேம்ஸ் டூவர் செய்தது. இரண்டு சுவர், நடுவில் வெற்றிடம். காபிக்குப் பதில் உள்ளே குளிர். அந்தக் குளிரை உண்டாக்கும் எந்திரம் 1816இல் ராபர்ட் ஸ்டெர்லிங் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் காப்புரிமை பெற்ற எஞ்சினைத் தலைகீழாக ஓட்டுவது. இருநூறு வருஷத்துப் பழைய சரக்கு, இன்றைக்கும் அதுதான் ஓடுகிறது.

பிளாஸ்க்குக்குள் டிடெக்டருக்கு முன்னால் ஒரு தொப்பி மாதிரி குளிர் கவசம் இருக்கும். அதன் தலையில் ஒரு சிறு துளை. டிடெக்டர் அந்தத் துளை வழியாக மட்டும்தான் வெளியுலகைப் பார்க்கலாம், மற்ற பக்கமெல்லாம் குளிர்ந்த சுவர். கணக்கு ஒன்று சொல்கிறேன், மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம். லென்ஸின் எஃப் எண் 4 என்றால், டிடெக்டருக்கு முன்னால் இருக்கும் அரைக்கோளத்திலிருந்து வந்து விழக்கூடிய கதிரில் லென்ஸ் வழியாக வருவது 65இல் ஒரு பங்கு. குளிர் கவசம் இல்லாவிட்டால் மீதி 64 பங்கும் பெட்டியின் சொந்தச் சூடு. ஒரு படி அரிசிக்கு அறுபத்து நாலு படி கல் கலந்தால் சோறு எப்படி இருக்கும்?

ஆகவே குளிர் கவசத்தின் துளை, லென்ஸ் தரும் ஒளிக்கூம்புக்கு அச்சாகப் பொருந்த வேண்டும். துளை பெரிதானால் கல் சேரும், சிறிதானால் அரிசியே குறையும். வடிவமைப்பாளனின் மொழியில் சொன்னால், மொத்தக் கருவிக்கும் ஒளியை வரையறுக்கும் துளை அதுவாகத்தான் இருக்க வேண்டும். உங்கள் போட்டோ கேமராவில் ஐரிஸ் லென்ஸுக்கு நடுவில் இருக்கும். எங்களுக்கோ அது எல்லா லென்ஸுக்கும் பின்னால், பிளாஸ்க்குக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. அதைத் தொடக்கூட முடியாது. டிடெக்டர் செய்பவர் எங்கே வைத்தாரோ அங்கேதான். என் தொழிலின் தலைவலி பாதி இந்த ஒரு வரியில் அடங்கிவிடும்.

ஏன் தலைவலி? உங்கள் தெருவில் தேர் வருகிறது, வீட்டுக்குள்ளிருந்து பார்க்கிறீர்கள். சன்னலில் முகத்தை ஒட்டிவைத்துப் பார்த்தால் சின்ன சன்னலே போதும், தெருவின் இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை தெரியும். அறையின் பின்சுவரில் சாய்ந்துகொண்டு அதே அளவு தெருவைப் பார்க்க வேண்டுமென்றால்? சன்னலை வாசல் அகலத்துக்கு உடைக்க வேண்டும். கண் என்பது அந்தக் குளிர் துளை. சன்னல் என்பது முன் வில்லை. கண் பின்னால் போகப் போக சன்னல் பெருக்கும்.

எண்ணாகவே பார்ப்போம். குவியத் தூரம் 100 மி.மீ., எஃப் எண் 4. அப்படியானால் ஒளி சேகரிக்கத் தேவையான விட்டம் 25 மி.மீ. மட்டும். குளிர் துளை டிடெக்டருக்கு 20 மி.மீ. முன்னால். டிடெக்டரின் ஓரம் நடுவிலிருந்து 5 மி.மீ. தள்ளி. அந்த ஓரத்திலிருந்து துளையின் நடு வழியாக ஒரு கோடு இழுங்கள். 100 மி.மீ. தள்ளி வில்லையைத் தொடும்போது அது மையத்திலிருந்து 20 மி.மீ. விலகியிருக்கும். அதோடு ஒளிக்கற்றையின் அரை அகலம் 12.5ஐக் கூட்டுங்கள். அரை விட்டம் 32.5, முழு விட்டம் 65 மி.மீ. 25 போதும் என்ற இடத்தில் 65! அதே கனத்தில் செய்தால்கூட எடை ஆறேழு மடங்கு. அதுவும் ஜெர்மானியத்தில். ஜெர்மானியம் கண்ணாடியைப் போல இரண்டு மடங்கு கனம், விலையைச் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு வழி, கண்ணைக் கொண்டுபோய் சன்னலில் வைக்கும் வித்தைதான். முன் தொகுதி நடுவழியில் ஒரு பிம்பத்தை விழ வைக்கும். பின் தொகுதி அந்தப் பிம்பத்தை எடுத்து டிடெக்டரில் மறுபடி விழ வைக்கும். அதே பின் தொகுதி குளிர் துளையின் பிம்பத்தை முன் வில்லையின் மேல் கொண்டுபோய் வைக்கும். துளை உண்மையில் பிளாஸ்க்குக்குள்தான் இருக்கிறது, ஆனால் ஒளியைப் பொறுத்தவரை அது முன் வில்லையில் இருக்கிறது. முன் வில்லை மறுபடி 25க்கு வந்துவிடும். அப்பாடா என்று உட்கார முடியாது. 100 மி.மீ.க்குள் முடிந்த பாதை இப்போது 150ஐத் தாண்டிவிட்டது. குண்டாக இருந்ததை ஒல்லியாக்கினோம், நெட்டையாகிவிட்டது.

நெட்டையை மடக்க வேண்டும். நடுவில் இரண்டு சமதள ஆடிகளை வைத்துப் பாதையை பாய் மடிப்பது போல மடிக்கலாம். முன் தொகுதியை ஆடிகளால் செய்து ஒளியை முன்னும் பின்னும் ஓட விடலாம். தொலைநோக்கிகளில் செய்வது அதுதான். ஆனால் ஆடி போட்டால் நடுவில் இரண்டாவது ஆடி நிழல் விழும், அந்த ஆடியைத் தாங்கும் கம்பியும் சூடாக ஒளிரும், அதையும் டிடெக்டர் பார்க்கும். மூன்றாவது வழி, வில்லைகளின் எண்ணிக்கையைக் குறைப்பது. கோள வடிவத்தை விட்டு வேறு வளைவுகளுக்குப் போனால் மூன்று வில்லை செய்கிற வேலையை ஒன்றிரண்டு செய்துவிடும். முன்பெல்லாம் அப்படிப்பட்ட வளைவைக் கையால் தேய்த்து எடுப்பது தவம். இப்போது வைர முனை கொண்ட கடைசல் எந்திரம் மைக்ரானில் சிறு பங்குத் துல்லியத்தோடு நேராகவே கடைந்து தருகிறது. ஒவ்வொரு வழிக்கும் ஒரு விலை உண்டு. எதை விட்டு எதைப் பிடிப்பது என்பதில்தான் வடிவமைப்பாளன் சம்பளம் வாங்குகிறான். கம்ப்யூட்டர் கோடிக்கணக்கான கதிர்களை நொடியில் ஓட்டிக் காட்டும், எங்கே ஆரம்பிப்பது என்று அதற்குச் சொல்லத் தெரியாது.

என் பையில் ஒரு ஜெர்மானிய வில்லை இருக்கிறது. மாணவர் வரிசையில் சுற்றி வரட்டும். ஓரத்தைப் பிடியுங்கள் தம்பி, நடுவில் விரல் வேண்டாம். பார்த்தால் எவர்சில்வர் தட்டு மாதிரி இருக்கிறது அல்லவா? கண்ணுக்கு அது சுவர், 2 மைக்ரானுக்கு மேலே அது கண்ணாடி. அதன் ஒளிவிலகல் எண் 4. சாதாரணக் கண்ணாடிக்கு 1.5 என்று எழுதி மார்க் வாங்கியவர்களுக்கு இந்த 4 எவ்வளவு பெரிய வரம் என்று தெரியும். கொஞ்சம் வளைத்தாலே ஒளி நன்றாகத் திரும்பும், அதனால் மெல்லிய வில்லை போதும். வரத்தோடு சாபமும் உண்டு. விலகல் எண் கூடினால் எதிரொளிப்பும் கூடும். பூச்சில்லாத ஜெர்மானியத் தகட்டில் ஒவ்வொரு பரப்பிலும் 36 சதவீதம் திரும்பிப் போய்விடும், பாதி ஒளிகூட உள்ளே வராது. அதனால்தான் ஒவ்வொரு பரப்புக்கும் எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சு.

அடுத்த சாபம் சூடு. வெப்பம் ஏறினால் ஜெர்மானியத்தின் விலகல் எண் டிகிரிக்கு ஒரு மில்லியனில் 400 அளவுக்கு மாறும். கண்ணாடியில் அது ஒற்றை இலக்கம். 100 மி.மீ. குவியத் தூரமுள்ள ஒரு ஜெர்மானிய வில்லையை 50 டிகிரி சூடாக்கினால் குவியம் 0.6 மி.மீ.க்கு மேல் நகரும். 4 மைக்ரான் ஒளியில் எஃப் எண் 4க்கு நமக்கு உள்ள சலுகை, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் 0.13 மி.மீ.தான். ராஜஸ்தான் பாலைவனத்தில் மே மாதம் ஒரு சிப்பாய் பிடித்துப் பார்க்கும் கருவி, சியாச்சினில் சுழிக்குக் கீழே 40இல் இன்னொரு சிப்பாய் பிடித்துப் பார்க்கும் கருவி, இரண்டும் ஒன்றே. படம் மங்கினால் அவன் யாரிடம் போய்ச் சொல்வான்? ஆகவே சிலிக்கான், துத்தநாக செலினைடு என்று வேறு வேறு பொருள்களைச் சேர்த்து, ஒன்றின் ஓட்டத்தை மற்றது சரிக்கட்டுமாறு செய்ய வேண்டும். இடம் குறையக் குறைய இந்தச் சரிக்கட்டல் கஷ்டமாகிக்கொண்டே போகும். 2023 ஆகஸ்டில் சீனா ஜெர்மானிய ஏற்றுமதிக்கு அனுமதி முறை கொண்டுவந்த பிறகு இந்தப் பொருள் விஷயம் எங்கள் துறையில் இன்னும் சூடாகிவிட்டது. குறைந்த ஜெர்மானியத்தில், அல்லது ஜெர்மானியமே இல்லாமல் கால்கோஜெனைடு கண்ணாடியில், எப்படிச் செய்வது என்பது இன்றைய வடிவமைப்பாளர்களுக்கு வெறும் பரீட்சைக் கேள்வி இல்லை.

நார்சிசஸ் கதை கேட்டிருப்பீர்கள். தண்ணீரில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த கிரேக்க இளைஞன். எங்கள் தொழிலில் அவன் பெயரில் ஒரு நோய் இருக்கிறது. குளிர்ந்த டிடெக்டர் ஏதாவது ஒரு வில்லைப் பரப்பின் எதிரொளிப்பில் தன்னையே பார்த்துக்கொள்ளும். சுற்றிலும் சூடு, நடுவில் தன் குளிர்ந்த முகம். திரையில் சரியாக நடுவில் கறுப்பாக ஒரு வட்டம், நெற்றிப்பொட்டு மாதிரி. ஓரிடத்தில் ஒரு மாதிரிக் கருவியில் இது வந்தபோது இரண்டு டெக்னீஷியன்கள் அழுக்கு என்று நினைத்து ஒரு நாள் முழுக்க வில்லையைத் துடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். துடைத்தால் போகிற பொட்டு இல்லை அது. ஒரு பரப்பின் வளைவு, டிடெக்டருக்கே ஒளியைத் திருப்பி அனுப்பும்படி அமைந்துவிட்டது. அந்த வில்லையை வேறு விதமாக வளைத்து, அதே சக்தியோடு மறுபடி செய்தபோதுதான் பொட்டு அழிந்தது. சிறிய கருவியில் பரப்புகள் நெருக்கமாக இருப்பதால் இந்தக் கவலை கூடுதல். ஒவ்வொரு பரப்பையும் தனித்தனியே "நீ அவனுக்கு முகம் காட்டுவாயா?" என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

ஒரு விஷயத்தில் யாரும் ஏமாற வேண்டாம். கையடக்கம், கையடக்கம் என்று விளம்பரம் வரும். நீளத்தை மடக்கலாம், எடையைக் குறைக்கலாம், டிடெக்டர் புள்ளியை 30 மைக்ரானிலிருந்து 15, 10 என்று சிறிதாக்கலாம், 120, 150 கெல்வினிலேயே வேலை செய்யும் புது டிடெக்டர்களைப் போட்டுக் குளிர் எந்திரத்தைச் சுருக்கலாம். முன் வாயை மட்டும் சுருக்க முடியாது. 4 மைக்ரான் ஒளியில் 25 மி.மீ. வாயுள்ள கருவி ஒரு கிலோமீட்டரில் சுமார் 20 செ.மீ. இடைவெளியைத்தான் பிரித்துக் காட்டும். 5 செ.மீ. வேண்டுமென்றால் வாய் 100 மி.மீ. ஆக வேண்டும். இதை யாராலும் பேரம் பேசிக் குறைக்க முடியாது. ஒளியின் அலைத்தன்மை அப்படி. நியூட்டன் வளையம் பார்த்த பிள்ளைகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இதெல்லாம் ராணுவத்துக்கு மட்டும்தானா என்று பலர் கேட்பார்கள். இல்லை. கண்ணுக்குத் தெரியாமல் கசியும் மீத்தேன் வாயுவை 3.3 மைக்ரான் பக்கத்தில் புகை மாதிரி படம் பிடிப்பது இந்தக் குளிர்ந்த கேமராதான். நம் ஊருக்கு நெருக்கமான ஒன்றைச் சொல்கிறேன். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்து, நகராமல் அங்கேயே உட்கார்ந்துகொண்டது. நம் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவில் ரயில் பாலத்தில் தண்ணீர் அபாய அளவைத் தாண்டியதால் ரயில்கள் நின்றன. தென்பெண்ணை செய்ததை இங்கே உட்கார்ந்திருக்கும் பலர் வீட்டுச் சுவரில் இன்னும் பார்க்கலாம். அந்த இரவில் புயலின் மேகத்தை 36,000 கி.மீ. உயரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவை இன்சாட் வரிசைச் செயற்கைக்கோள்கள். இரவில் அவை பார்ப்பது அகச்சிவப்பில்தான். அங்கே குளிர் எந்திரம்கூட இல்லை. இருண்ட வானத்தைப் பார்த்தபடி ஒரு தகடு, அது சூட்டை வெளியே கக்கி டிடெக்டரைக் குளிர வைக்கிறது. ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: அது காட்டுவது மேகத்தின் உச்சி எவ்வளவு குளிர் என்பதை. காணை ஏரி எப்போது உடையும் என்பதை அது சொல்லாது. அதற்குக் கீழே மனிதர்கள் வேண்டும்.

இன்னொன்று நிலா. 2008இல் போன சந்திரயான்-1இல் இருந்த நாசாவின் கருவி நிலவின் மண்ணில் நீர், ஹைட்ராக்சில் அடையாளம் இருப்பதாகக் காட்டியது. 2009இல் அந்தச் செய்தி வந்தது. ஆனால் அந்தக் கருவி 3 மைக்ரானோடு நின்றுவிட்டது. நீரின் அடையாளமோ அந்த 3 மைக்ரானைச் சுற்றித்தான். போதாததற்கு நிலாவின் பகல் பக்கம் 100 டிகிரிக்கு மேல் கொதிக்கிறது, அதன் சொந்தச் சூட்டொளியும் அங்கே வந்து கலக்கிறது. கலந்ததைக் கழிக்க வேண்டுமென்றால் இன்னும் தள்ளிப் பார்க்க வேண்டும். 2019 ஜூலை 22இல் ஏவிய சந்திரயான்-2இன் சுற்றுகலத்தில் ஆமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையம் செய்த அகச்சிவப்பு நிறமாலைக் கருவி இருக்கிறது. 0.8 முதல் 5 மைக்ரான் வரை அது பார்க்கும். 100 கி.மீ. உயரத்திலிருந்து 20 கி.மீ. அகலப் பட்டையை 80 மீட்டர் புள்ளிகளாகப் படிக்கும். ஒளியைப் பிரிக்க உள்ளே ஒரு கீற்றணி, டிடெக்டரைக் குளிர்விக்க 90 கெல்வின் அளவுக்குக் கொண்டுபோகும் எந்திரம். லேண்டர் விழுந்ததைப் பார்த்து நாடே வருத்தப்பட்டது. மேலே சுற்றிக்கொண்டிருந்த இந்தக் கருவி சத்தமில்லாமல் வேலை செய்து, 2021இல் நம் விஞ்ஞானிகள் அதன் அளவீடுகளை வைத்து நீரையும் ஹைட்ராக்சிலையும் பிரித்துக் காட்டிக் கட்டுரை எழுதினார்கள். 2023 ஆகஸ்ட் 23இல் இறங்கிய சந்திரயான்-3இன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் நம் விழுப்புரம் என்பதால் அதைப் பற்றி இங்கே எல்லாருக்கும் தெரியும். அந்தக் கீற்றணியைப் பற்றி யாரும் போஸ்டர் அடிக்கவில்லை. அதனால் நான் சொல்லி வைக்கிறேன்.

கீற்றணி என்றதும் மாணவர்கள் சிரிக்கிறீர்கள். ஆமாம், அதே கீற்றணிதான். நிறமாலைமானியின் மேசையில் வைத்து, சோடியம் விளக்கைப் போட்டு, வெர்னியரில் கண்ணைச் சுருக்கிப் படித்து, மடக்கைப் புத்தகத்தைப் புரட்டுவோமே, அதே பரிசோதனை. நம் இருட்டறையில்.

இப்போது நான் கொஞ்சம் கசப்பாகப் பேசப் போகிறேன், தலைவர் மன்னிக்கணும். நேற்று மாலை இயற்பியல் துறைக்குப் போனேன். இருட்டறையில் உடைந்த பெஞ்சுகளும் தேர்தல் பெட்டிகளும் அடுக்கியிருக்கின்றன. சன்னலுக்கு அடித்திருந்த கறுப்புத் துணி கிழிந்து வெயில் அடிக்கிறது. இரண்டு நிறமாலைமானியில் ஒன்றுக்குத் தொலைநோக்கி இல்லை. ஒளியியல் பரிசோதனையைப் பகல் வெளிச்சத்தில் செய்ய முடியாது, அதனால் செய்முறைக் குறிப்பேட்டில் முந்தின வருஷத்து அளவுகளைப் பார்த்து எழுதுகிறார்கள். பிள்ளைகள் மறைக்காமல் சொன்னார்கள், அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. ஆசிரியர்கள் எத்தனை முறை எழுதிக் கேட்டிருக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

இன்று பிற்பகல் பொதுக்குழுவில் சங்க நிதியை வைத்து நுழைவாயிலில் அலங்கார வளைவு கட்டுவதா என்று தீர்மானம் வருகிறது. வளைவு அழகுதான். நம் பெயர்களைக் கல்லில் வெட்டுவார்கள், என் பெயரும் வரும், ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் நான் கை தூக்கப் போவது இருட்டறைக்கு. என்னோடு வேலை பார்த்த ஐ.ஐ.டி. பையன்களுக்கு என்னைவிடக் கணக்கு நன்றாக வரும். ஆனால் இருட்டறையில் மூன்று வருஷம் நின்றவனுக்கு ஒரு பழக்கம் வந்துவிடும். எந்த வெளிச்சம் வேண்டியது, எந்த வெளிச்சம் ஓரத்தில் கசிந்து வருவது என்று கண்ணே பிரித்துவிடும். வேண்டாத ஒளியை வெளியே நிறுத்துவதுதான் என் தொழில் முழுக்க என்று இவ்வளவு நேரம் சொன்னேனே, அதை நான் கற்றுக்கொண்டது கிழியாத அந்தக் கறுப்புத் துணிக்குப் பின்னால்தான்.

செலவு என்ன ஆகும் என்று பொருளாளர் முகத்தில் கேள்வி தெரிகிறது. பெரிய செலவில்லை. சன்னலுக்குப் பலகை அடித்து இரட்டைக் கறுப்புத் துணி, கதவுக்கு ஒரு திரை. மூன்று நிறமாலைமானி, சோடியம் விளக்கு, பாதரச விளக்கு, கீற்றணிகள் ஆறு, நல்லதாக ஒரு ஒளியியல் பெஞ்ச். செல்போனில் மாட்டுகிற சிறு வெப்பக் கேமரா ஒன்று. அது குளிர்விக்காத வகைதான், ஆனால் மண்பானைத் தண்ணீர் எங்கே குளிர்கிறது, மின் இணைப்பு எங்கே சுடுகிறது என்று பிள்ளைகள் கண்ணால் பார்ப்பார்கள். சுற்றி வருகிற அந்த ஜெர்மானிய வில்லையைத் திரும்பக் கேட்க மாட்டேன், துறையில் இருக்கட்டும். ஓரத்தில் சின்ன உடைப்பு இருக்கும், அதனால்தான் என்னிடம் வந்தது. பாதியில் ஒளி போகிற அளவை அளந்து, பூச்சு உள்ளதா இல்லையா என்று கண்டுபிடிப்பது முதல் பரிசோதனையாக இருக்கலாம். வருஷத்தில் இரண்டு மாதம் நான் காணையில்தான் இருப்பேன், வாரம் இரண்டு நாள் வந்து கூட நிற்கிறேன். பெஞ்சுகளை எடுத்து வெளியே போட நாளைக்குக் காலையில் ஆள் வேண்டும். எட்டு மணிக்கு நான் வந்துவிடுவேன், என் வகுப்புத் தோழர்கள் நாலு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், மாணவர்களும் வரலாம்.